பதிவாளரின் தடையும் ஜனாதிபதியின் தடையும்

1982ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் ஜே. ஜெயரத்தினமும் அவருடன் பணியாற்றிய இருவரும் இலங்கை பற்றி ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பீடைகொல்லி நஞ்சேறி நாட்டின் மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் சேர்க்கப்படுவோர் ஏறத்தாழ 13,000 பேர். இறப்போர் ஏறத்தாழ 1,000 பேர். நாட்டின் மக்கள்தொகை அப்போது ஒன்றரைக் கோடி. வயலில் மருந்து அடிக்கும்போது உடலில் பட்டும் மூச்சில் ஏறியும் வேறு தற்செயலாகவும் நஞ்சேறியவர்கள் எல்லோரும் சேர்ந்தே இவர்களில் கால்பங்கினர்தான். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் தாமாகவே குடித்தவர்கள்.

இலங்கையின் பீடைகொல்லிச் சட்டத்தைப் பற்றிப் பேச இந்தக் கணக்கைவிட நல்ல தொடக்கம் இல்லை. நஞ்சைக் கவனமாகக் கையாளப் பழக்கினால் போதும், கையுறையும் முகமூடியும் கொடுத்தால் போதும் என்று உற்பத்தியாளர்கள் உலகெங்கும் சொல்லிவந்த காலம் அது. அந்த அறிவுரை முழுவதும் பலித்தாலும் காப்பாற்றப்படக்கூடியவர்கள் அந்தக் கால்பங்கினர் மட்டுமே. மற்றவர்களுக்குக் கையுறை எதற்கு?

2021க்குப் பிறகு, விவசாய இரசாயனங்களை அரசு கட்டுப்படுத்த வேண்டும் என்று யார் வாய் திறந்தாலும் “இலங்கையைப் பார்த்தீர்களா?” என்ற ஒற்றைக் கேள்வியால் பேச்சு முடிக்கப்படுகிறது. ஒரே இரவில் பசளையை நிறுத்தி விளைச்சலைக் கெடுத்துக்கொண்ட நாடு என்பதே இன்று அதன் பெயர். அந்தப் பெயர் நியாயமானதுதான். ஆனால் அதே தீவு, அதே தடை என்ற கருவியைக் கொண்டு, பெரிய ஆரவாரமின்றி, ஒரு தலைமுறைக் காலத்தில் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. தற்கொலைத் தடுப்பு ஆய்வாளர்கள் உலகெங்கும் இலங்கையை எடுத்துக்காட்டாகச் சொல்வது இதற்காகத்தான். ஒரு நாட்டின் இந்த இரண்டு தடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், இரசாயனமா இயற்கையா என்று மோதிக்கொள்வதில் எனக்கு ஆர்வம் இல்லை.

முதல் கதை 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தொடங்குகிறது. பதிவு செய்யப்படாத எந்தப் பீடைகொல்லியையும் நாட்டில் இறக்கவோ விற்கவோ முடியாது என்றது அது. பதிவு செய்யும் அதிகாரம் பீடைகொல்லிப் பதிவாளருக்கு. பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் அலுவலகம் அது. அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு தொழினுட்பக் குழு. விவசாயம் தெரிந்தவர்களோடு நஞ்சு மருத்துவம் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் இருந்து பேச இது வழி செய்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த மேசையே காரணம் என்று சொல்வேன்.

1984இல் பாரத்தியனும் மெத்தில் பாரத்தியனும் தடை செய்யப்பட்டன. அவற்றின் இடத்தை மொனோகுரோட்டோபாசும் மெத்தமிடோபாசும் பிடித்தன. இறப்புகள் தொடர்ந்து ஏறின. 1950க்கும் 1995க்கும் இடையில் இலங்கையின் தற்கொலை விகிதம் எட்டு மடங்காகி, இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. புதிய நெல்லினங்களும் குடியேற்றத் திட்டங்களும் பரவிய காலத்தில் கமக்காரர் வீடுகளில் நஞ்சுப் போத்தல் வழக்கமான பொருளாகிவிட்டிருந்தது. கோபமோ அவமானமோ தலைக்கேறிய ஒரு கணத்தில் கைக்கெட்டியது அதுதான். நெடுநாள் திட்டமிட்டுக் குடித்தவர்கள் குறைவு, அரை மணி நேரம் கூட யோசிக்காதவர்கள் பலர் என்று வட மத்திய மாகாண மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். சாக வேண்டும் என்ற உறுதி பலரிடம் இல்லை. போத்தலில் இருந்த பொருளுக்குத்தான் கொல்லும் வலு இருந்தது.

1995இல் மொனோகுரோட்டோபாசும் மெத்தமிடோபாசும் நிறுத்தப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என்று முதல் வகையில் வைத்திருந்த பூச்சிகொல்லிகள் இதோடு இலங்கைச் சந்தையை விட்டு வெளியேறின. உடனே ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. கமக்காரர்கள் எண்டோசல்பானுக்கு மாறினார்கள். அது இரண்டாம் வகை. தாள்களில் பார்த்தால் முந்தியவற்றைவிடச் சாது. மருத்துவமனையில் அப்படியில்லை. தொடர்வலிப்பு வந்து இறந்தவர்கள் 1994இல் ஒருவர். 1998இல் 50 பேர். அந்த ஆண்டே எண்டோசல்பான் தடை செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகளில் அந்த இறப்புகள் மூன்றாகக் குறைந்தன. கேரளத்தின் காசர்கோட்டில் எண்டோசல்பான் பெரும் வழக்காகி, 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னால் நடந்தது இது.

இந்த நிகழ்வை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தடைக்கு எதிராக எப்போதும் சொல்லப்படும் வாதம், ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று வரும் என்பது. உண்மை, வந்தது. வந்ததை யாரோ கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இலங்கையின் சிறப்பு. தடை போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகவில்லை. மருத்துவமனை ஏட்டைத் திரும்பிப் பார்த்து அடுத்த முடிவை எடுத்தார்கள்.

அந்தப் பார்வை இன்னும் கூர்மையானது 2005இல். அநுராதபுரம், பொலனறுவை மருத்துவமனைகளில் மைக்கேல் எடில்ஸ்டனும் உள்ளூர் மருத்துவர்களும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கட்டுரை லான்செட் இதழில் வந்தது. குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட், பெந்தியோன் மூன்றும் உலக வகைப்பாட்டில் ஒரே வகுப்பு. குடித்தவர்களில் இறந்தவர்களின் பங்கோ முறையே 8, 23, 16 சதவீதம். உலக வகைப்பாடு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த அளவை வைத்துச் செய்யப்பட்டது. சிகிச்சை பெறும் மனிதர் பிழைப்பாரா என்பதை எலி சொல்லாது. களைகொல்லியான பாராகுவாட்டின் நிலை இன்னும் மோசம்: குடித்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இறந்தார்கள், மாற்று மருந்தும் கிடையாது. 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தோயேட், பெந்தியோன், பாராகுவாட் மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன. பாராகுவாட்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் அதன் செறிவைக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள்.

விளைவு என்ன? 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில், அதற்கு முந்திய பத்தாண்டைவிடத் தற்கொலை இறப்புகள் 19,769 குறைந்தன. வேலையின்மை, மது, மணமுறிவு, போர் ஆகியவற்றின் ஏற்ற இறக்கங்களோடு இந்தச் சரிவைப் பொருத்திப் பார்த்த ஆய்வாளர்களுக்கு எதுவும் பொருந்தவில்லை. தடைகளின் காலம்தான் பொருந்தியது. 2015 வரை எடுத்துக்கொண்டால் விகிதம் உச்சத்திலிருந்து 70 சதவீதம் சரிந்தது. காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்பது ஒரு மதிப்பீடு. நஞ்சு குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அதே அளவுக்குக் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். துயரத்தை எந்த வர்த்தமானியும் ஒழிக்கவில்லை. வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான். அதுவே பெரிது.

விளைச்சல்? பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் மற்றவர்களும் 2008இல் இதையே கேள்வியாக எடுத்து ஆராய்ந்தார்கள். 1995, 1998 தடைகளுக்குப் பிறகு நெல், மரக்கறி விளைச்சலில் தடையால் வந்த வீழ்ச்சி என்று காட்ட எதுவும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நிறுத்தப்பட்டது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு. அதே பூச்சிக்கு வேறு மருந்து அதே கடைத் தட்டில் இருந்தது. கமக்காரர் போத்தலை மாற்றினார், பயிர்ச்செய்கையை மாற்றவில்லை.

மாற்று வழி ஒன்றும் சோதிக்கப்பட்டது. நஞ்சைத் தடை செய்வதற்குப் பதில் பூட்டி வைக்கச் சொன்னால் என்ன? அநுராதபுர மாவட்டத்தின் 180 கிராமங்களில் 53,382 வீடுகளை எடுத்து, பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப் பெட்டிகள் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த ஊர்களிலும் கொடுக்காத ஊர்களிலும் வேறுபாடு தெரியவில்லை. பொறுப்பை வீட்டாரின் தலையில் கட்டும் எல்லாத் திட்டங்களையும் பற்றி எனக்குள்ள ஐயத்தை இந்த முடிவு உறுதிப்படுத்தியது.

இனி இரண்டாவது கதை. அதற்கும் முதலாவதற்கும் இடையில் கிளைபோசேட் நிற்கிறது. 1990களிலிருந்து வட மத்திய மாகாணத்தில், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத கமக்காரர்களைச் சிறுநீரக நோய் வாரிக்கொண்டு போனது. காரணம் இன்றுவரை முற்றாகத் துலங்கவில்லை. கடின நீரோடும் உலோகங்களோடும் கிளைபோசேட் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற கருதுகோளைச் சன்ன ஜயசுமணவும் பிறரும் 2014இல் முன்வைத்தார்கள். கருதுகோள் கவர்ச்சியானது, அளந்து காட்டிய சான்று மெலிந்தது. பௌத்த பிக்குகளும் அரசியல்வாதிகளும் கையில் எடுக்க, 2015இல் மைத்திரிபால சிறிசேன அரசு கிளைபோசேட்டைத் தடை செய்தது. முன்னைய தடைகளில் மருத்துவமனை ஏடு முன்னே போனது, அரசியல் பின்னே வந்தது. இங்கே வரிசை தலைகீழானது.

அடி விழுந்தது மலையகத்தில். தேயிலைத் தோட்டங்களில் புல் மண்டியது. கையால் களை பிடுங்க ஆள் போதவில்லை. சில தோட்டங்கள் வேறு களைகொல்லிகளுக்குத் தாவ, ஜப்பானுக்குப் போன தேயிலையில் அனுமதி அளவுக்கு மேல் எச்சம் காணப்பட்டுச் சந்தையே ஆட்டம் கண்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளிகளுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று யாரும் அளந்து சொல்லவில்லை.

பசளையின் வரலாறு வேறு. இலங்கை அரசு 1962இல் பசளைக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. 2005 தேர்தலில் மகிந்த ராஜபக்ஷ 50 கிலோ மூட்டையை 350 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லி வென்றார். உலக விலை எங்கே ஏறினாலும் கமக்காரருக்கு அதே 350. மலிவாகக் கிடைப்பதை அளந்து போட யாருக்கும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் இதன் கணக்கைக் கிணறுகள் காட்டும். சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லிய செம்மண். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் ஆண்டு முழுக்க நெருக்கமாகச் செய்யப்படும் நிலம். ஆறு கிடையாது, குடிப்பதும் இறைப்பதும் அதே நிலத்தடி நீர். போட்ட யூரியாவில் பயிர் எடுக்காதது நைத்திரேட்டாகிக் கிணற்றுக்குள் இறங்குகிறது. பாதுகாப்பான அளவைத் தாண்டிய கிணறுகளை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. ஆக, பசளையைக் கட்டுப்படுத்த வேண்டிய தேவை உண்மையானது. 2021ஐ நினைத்து இந்தத் தேவையையே மறுப்பவர்கள் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கிணறு ஒன்றில் தண்ணீர் அள்ளிச் சோதித்துப் பார்க்கலாம்.

2019இல் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷவின் தேர்தல் விஞ்ஞாபனம் இரண்டையும் ஒன்றாகச் சொன்னது: பசளை இலவசம்; பத்து ஆண்டுகளில் சேதன விவசாயம், அதாவது இயற்கை உரத்துக்கு மாற்றம். 2020இல் நெல்லுக்கு இலவசப் பசளை வந்தது. 2021 மே 6ஆம் திகதி, பத்து ஆண்டுகள் பத்து நாட்களாகச் சுருங்கியதுபோல், இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. பீடைகொல்லிகளும் களைகொல்லிகளும் சேர்ந்தே அடைபட்டன.

அந்த வர்த்தமானி எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பசளைக்கென 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருந்தது, பீடைகொல்லிக்கு 1980இன் சட்டம் இருந்தது. பயன்படுத்தப்பட்டது 1969ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். கார்களையும் மஞ்சளையும் நிறுத்திய அதே சட்டம். எந்தப் பொருள், எந்தப் பயிருக்கு, எவ்வளவு தீங்கு, பதிலுக்கு என்ன என்ற கேள்விகளை அந்தச் சட்டம் கேட்பதில்லை. டொலர் வெளியே போகிறதா என்பதை மட்டுமே பார்க்கும். டொலர் அப்போது உண்மையிலேயே வற்றிக்கொண்டிருந்தது. 2019 இறுதியில் 760 கோடியாக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2021 இறுதியில் 310 கோடியாகக் கரைந்தது. பசளை இறக்குமதிக்கு 2020இல் போனது ஏறத்தாழ 26 கோடி டொலர். நஞ்சில்லாத உணவு என்ற பேச்சு முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். அதை நம்பியவர்கள் அரசின் உள்ளேயே இருந்தார்கள். ஆனால் அவசரம் எங்கிருந்து வந்தது என்பதைக் கருவூலம் சொல்லிவிடுகிறது.

எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கலாம். யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். ஒரு 50 கிலோ மூட்டைக்குள் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். ஒன்றரை என்று எடுத்துக்கொண்டாலும் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான்; மீதி மண்ணில் மெல்ல மெல்ல விடுபடும். பெரும்போகத்தில் நெல் விதைக்கப்படுவது ஏழு, எட்டு இலட்சம் ஹெக்டேயர். அவ்வளவு எருவுக்கு மாடு எங்கே, குழை எங்கே, ஏற்றிவர வண்டி எங்கே? விவசாயப் பொருளியலாளர்களும் பேராதனைப் பேராசிரியர்களும் தடை வந்த சில வாரங்களிலேயே இதை எழுதிச் சொன்னார்கள். வெரிட்டே ஆய்வு நிறுவனம் 2021 ஜூலையில் கேட்டபோது கமக்காரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சேதன விவசாயம் நல்லது என்றே சொன்னார்கள். அவர்களிலும் பெரும்பாலானோர் ஓராண்டுக்கு மேல் அவகாசம் கேட்டார்கள். கொள்கையை எதிர்த்த மூடர்கள் அல்ல அவர்கள், நாட்காட்டி தெரிந்தவர்கள்.

மாற்றுப் பசளை தேடிய அலைச்சல் தனி நாடகம். சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் வந்தது. மாதிரிகளில் எர்வினியா என்ற பக்டீரியா இருப்பதாகத் தாவர தொற்றுத்தடைச் சேவை சொல்லி இறக்க மறுத்தது. அதற்கான பணத்தைக் கொடுக்காத இலங்கையின் மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. இறக்காத சரக்குக்கு ஏறத்தாழ 70 இலட்சம் டொலர் கொடுத்துத் தகராறை முடிக்க வேண்டியதாயிற்று. இந்தியாவிலிருந்து நனோ யூரியா திரவம் விமானத்தில் வந்தது. இதற்கிடையில் பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டபோது உலகச் சந்தையில் யூரியா விலை பல மடங்காகியிருந்தது, வாங்கக் கையில் டொலரும் இல்லை. ஆகவே தடை நீங்கியும் பசளை வரவில்லை. 2021இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி 2022இல் 34 இலட்சம் தொன்னானது. அரிசியில் ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசிக்குக் கப்பல் தேடியது.

அதே ஓராண்டில் தேயிலை 29.9 கோடி கிலோவிலிருந்து 25.1 கோடிக்கு இறங்கியது. இதை ஏற்றுமதி வருமானமாக மட்டும் பார்ப்பது வழக்கம். தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் தொழிலாளியின் ‘பேர்’, அதாவது நாட்கூலிப் பதிவு, குறைகிறது. நாளுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். 2021 மார்ச்சில்தான் நீண்ட போராட்டத்துக்குப் பின் நாட்கூலி 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. உரமில்லாத செடியில் அந்தக் கிலோவை எங்கிருந்து பறிப்பது?

வடக்குக்கு யூரியா இல்லாத காலம் புதிதல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வெடிமருந்தாகிவிடும் என்ற காரணத்தால் யூரியா நிறுத்தப்பட்டிருந்தது. வன்னிக் கமக்காரர்கள் அப்போதும் கிடைத்ததை வைத்து விதைத்தார்கள். இம்முறை கடல்வழி திறந்திருந்தது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் கரைக்கு வந்த கடத்தல் படகுகளில் இந்தியப் பீடைகொல்லிகளையும் களைகொல்லிகளையும் கடற்படை மீண்டும் மீண்டும் கைப்பற்றியது. பதிவாளரின் மேசைக்கே வராத, தமிழிலும் சிங்களத்திலும் பயன்பாட்டுக் குறிப்பு இல்லாத போத்தல்கள். முற்றான தடை நஞ்சைக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே தள்ளியது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை எதிர்த் திசையில் பிழை. இலங்கை 1995இல் நிறுத்திய மொனோகுரோட்டோபாஸ் இந்தியாவில் தொடர்ந்து விற்பனையில் இருந்தது. 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவில் அது கலந்து 23 பள்ளிக் குழந்தைகள் இறந்த பிறகும் இருந்தது. 2023இல்தான் அதன் பரவலான வடிவத்தை விலக்கும் ஆணையை மத்திய அரசு போட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு மொனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு பூச்சிகொல்லிகளைத் தடுத்தது, 60 நாட்களுக்கு மட்டும். 1968ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்திருப்பது அத்தகைய தற்காலிக அதிகாரம்தான். அறுபது நாள் கழித்துப் பழைய போத்தல் பழைய தட்டுக்குத் திரும்பும். பதிவு செய்யும் அதிகாரமும் இறந்தவர்களைப் பார்க்கும் கண்ணும் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

இலங்கையில் அவை இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன என்பதே முதல் கதையின் இரகசியம். அந்த இடமும் 2021இல் சேதமுற்றது. நவம்பரில் கிளைபோசேட் தடையைத் தளர்த்தி வர்த்தமானி வந்தது. சில நாட்களில் அது மீளப் பெறப்பட்டு, பதிவாளர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். ஓராண்டு ஆவதற்குள், 2022இல், அதே கிளைபோசேட்டுக்கு அரசே கதவைத் திறந்தது.

வேலை இன்னும் முடியவில்லை. இலங்கை மருத்துவமனைகளின் தரவுகளை வைத்து லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் 2021இல் வந்த ஆய்வு, அப்போது எஞ்சியிருந்த நஞ்சுகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: புரொபெனோபாஸ், புரோபனில், பெனோபுகார்ப், கார்போசல்பான், குயினால்பாஸ். குடித்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இறக்க வைக்கும் எதையும் பதிவிலிருந்து நீக்கலாம் என்பது அதன் பரிந்துரை. ஐந்துக்கும் ஒவ்வொரு பயிரிலும் மாற்று எது, அது கமக்காரருக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டியது பேராதனை அலுவலகம்.